கல்லூரி சேனலில் நான் நடத்திய பாடம்: யாருக்குச் சொந்தம்?

கேள்வி: நான் தமிழ்த்துறை உதவிப் பேராசிரியர். தண்டையார்பேட்டை பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் 2020 முதல் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். முதல் இரண்டு வருடம் மணிக்கணக்குச் சம்பளத்தில் கெஸ்ட் லெக்சரர். 2022 ஜூனில் முழுநேர வேலைக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கொடுத்தார்கள். கொரோனா சமயத்தில் வீட்டில் என் செல்போனில் எடுத்த பாடங்களையும், பிறகு கூகுள் மீட்டில் நடத்திய வகுப்புகளின் ரெக்கார்டிங்கையும் கல்லூரி தன் யூடியூப் சேனலில் ஏற்றியது. 2025 ஜூனில் நான் திருவொற்றியூரில் வேறு கல்லூரிக்கு வந்துவிட்டேன். இப்போது பார்த்தால் என் பெயரை எடுத்துவிட்டு ‘தமிழ்த்துறை’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். சில வீடியோக்களில் மாணவிகளின் முகம், பெயர், சாட்டில் போட்ட போன் நம்பர் எல்லாம் தெரிகிறது. சேனலின் பாஸ்வேர்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நானே எடுத்துவிடலாமா? இன்னும் இரண்டு சந்தேகம். பகுதி ஒன்று தமிழுக்கு நான் தொகுத்துத் தரும் கதைகளை ஸ்பைரல் போட்டுக் கொடுக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர், “காப்பிரைட் கேஸ் ஏதாவது வருமா மேடம்?” என்று கேட்கிறார். புதுக் கல்லூரியிலோ, ஸ்காலர்ஷிப் எக்செல் ஷீட்டை அப்படியே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?
— வாசகி ஒருவர், தண்டையார்பேட்டை

அன்புள்ள பேராசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதலில் பாஸ்வேர்டு. அதைத் தொடாதீர்கள். வீடியோ முழுக்க உங்களுடையது என்றே வைத்துக்கொண்டாலும், சேனல் கல்லூரியின் கணக்கு. வேலையை விட்டு வந்த பிறகு அதில் நுழைய உங்களுக்கு அனுமதி கிடையாது. அனுமதி இல்லாமல் நுழைவதும், உள்ளே இருப்பதை அழிப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43ஆம் பிரிவில் வரும். கல்லூரி நஷ்டஈடு கேட்கலாம். நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தீர்கள் என்று புகார் எழுதினால் 66ஆம் பிரிவு வரும். மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அழிக்காமல் ‘பிரைவேட்’ என்று மட்டும் மாற்றினால் என்ன என்று தோன்றும். அதற்கும் இதே பிரச்சினைதான். கணக்கின் சொந்தக்காரர் வைத்ததை நீங்கள் மறைத்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். எந்தக் கருவியிலிருந்து, எந்த ஊரிலிருந்து நுழைந்தார்கள் என்பது கூகுள் கணக்கிலேயே பதிவாகும். இன்று புகார் சொல்லும் இடத்தில் இருக்கும் நீங்கள், பதில் சொல்லும் இடத்துக்குப் போய்விடுவீர்கள்.

அதற்குப் பதில் பிரின்சிபலுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். “சேனலின் பாஸ்வேர்டு எனக்குத் தெரிந்த பழைய பாஸ்வேர்டாகவே இருக்கலாம். ரிலீவிங் தேதிக்குப் பிறகு நான் பயன்படுத்தவில்லை. உடனே மாற்றிவிடுங்கள், மேனேஜர் பட்டியலிலிருந்தும் என்னை நீக்குங்கள்” என்று இருந்தால் போதும். பெரும்பாலும் இங்கே ஒரு சிக்கல் வரும். சேனலைத் தொடங்கிய அன்று ரெக்கவரி நம்பராக உங்கள் செல் நம்பரைக் கொடுத்திருப்பார்கள். அவர்கள் மாற்றப் போகும்போது ஓடிபி உங்களுக்கு வரும். எந்த நாள், யார் கேட்டார்கள் என்பதை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டு ஒருமுறை கொடுத்துவிடுங்கள். அந்த எண்ணை அன்றே நீக்கச் சொல்லுங்கள்.

இனி வீடியோ. ‘யாருக்குச் சொந்தம்’ என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் பதில் கிடைக்காது. வகுப்பு வீடியோ ஒன்றில் நான்கு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன: நீங்கள் எழுதிய குறிப்பு, நீங்கள் நிகழ்த்திய உரை, பதிவான படம், அதில் விழுந்த மாணவிகளின் முகமும் எண்ணும். சிலவற்றில் கல்லூரியின் கை ஓங்கும், சிலவற்றில் உங்கள் கை. என் அபிப்பிராயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: படத்தின் உடைமைக்காக மல்லுக்கட்டாதீர்கள். பெயருக்காகவும் மாணவிகளின் தகவலுக்காகவும் கேளுங்கள். அங்கேதான் உங்கள் வாதம் வலுவானது.

குறிப்பிலிருந்து வருகிறேன். காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம், 1957-இன் 17ஆம் பிரிவு, ‘சி’ உட்கூறு இப்படிச் சொல்கிறது: பணி ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்பவர், அந்த வேலையின் போக்கில் உருவாக்கும் படைப்புக்கு முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவர், வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் ஒழிய. இந்த வரியைக் காட்டித்தான் கல்லூரிகள் ‘எல்லாம் எங்களுடையது’ என்று சொல்கின்றன. ஆனால் ஆசிரியரின் வேலை பாடம் நடத்துவது. நடத்துவதற்கு வசதியாகத் தானே எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பு அந்த வேலையில் அடங்குமா என்பது பழைய கேள்வி. 1952இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், ஸ்டீவன்சன் ஜோர்டன் வழக்கில், நீதிபதி டென்னிங் இதைத் தொட்டார். பள்ளியிலோ மருத்துவமனையிலோ வாய்மொழியாகப் பாடம் சொல்ல அமர்த்தப்பட்டவர், தன் வசதிக்காக அதை எழுதி வைத்தால் அந்த எழுத்து பணி ஒப்பந்தத்தின் கீழ் செய்த வேலை ஆகாது என்றார். நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டி வாதிடலாம். கேள்வித்தாளுக்கு நம் நாட்டிலேயே தீர்ப்பு உண்டு: 1967இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், கேள்வித்தாளின் காப்புரிமை அதை எழுதியவருக்கு, தேர்வு வாரியத்துக்கு அல்ல என்று சொன்னது.

உங்கள் விஷயத்தில் இன்னொரு கோடும் ஓடுகிறது. 2022 ஜூனுக்கு முன், பின் என்று வீடியோக்களைத் தேதிவாரியாக இரண்டாகப் பிரியுங்கள். மணிக்கணக்குச் சம்பளம், பி.எஃப். இல்லை, விடுமுறை இல்லை, வேறு இடத்திலும் வகுப்பு எடுக்கலாம் என்று இருந்தால், அது பணியாளர் ஒப்பந்தமே அல்ல, சேவையைக் கூலிக்குக் கொடுக்கும் ஏற்பாடு என்று வாதிட இடம் உண்டு. அப்படியானால் 17-சி அந்தக் காலத்துக்குப் பொருந்தாது. கல்லூரி விட்டுக்கொடுக்காது. ‘டைம்டேபிள் நாங்கள் போட்டோம், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினோம்’ என்று சொல்வார்கள். முழுநேர வேலைக்கு வந்த பிறகு எடுத்தவற்றில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும் சர்வீஸ் ரூல்ஸும்தான் பேசும். ‘பணிக்காலத்தில் உருவாக்கும் அறிவுசார் சொத்து நிறுவனத்துக்கே’ என்று எங்காவது ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். பல ஆர்டர்களில் கடைசிப் பக்கத்தில், நோட்டீஸ் பீரியட் பற்றிய வரிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது உரை. இதைப் பெரும்பாலான ஆசிரியர்கள் கேள்விப்பட்டதே இல்லை. காப்புரிமைச் சட்டத்தில் ‘நிகழ்த்துநர்’ என்றால் யார் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக் கலைஞர், கழைக்கூத்தாடி, வித்தைக்காரர், பாம்பாட்டி, அதற்கு அடுத்தபடியாக ‘விரிவுரை நிகழ்த்துபவர்’. பாம்பாட்டிக்குப் பக்கத்தில் பேராசிரியரை உட்கார வைத்துவிட்டார்களே என்று வருந்த வேண்டாம். அந்த வரிசையில் இடம் கிடைத்ததால்தான் உங்கள் கையில் ஓர் உரிமை இருக்கிறது. நிகழ்த்திய ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 50 வருடத்துக்கு அது செல்லும். நிகழ்த்துவதைப் பதிவு செய்யவும் அந்தப் பதிவைப் பொதுமக்களுக்குக் கொண்டுபோகவும் நிகழ்த்துநரின் சம்மதம் வேண்டும். ஒரு படத்தில் சேர்க்க எழுத்து மூலம் ஒப்புக்கொண்ட பிறகு, தயாரிப்பாளர் அந்தப் படத்தைப் பயன்படுத்துவதை மறுக்க முடியாது என்கிறது 38-ஏ பிரிவு. ‘எழுத்து மூலம்’ என்பது 2012 திருத்தத்தில் வந்தது. துறைத்தலைவர் (எச்.ஓ.டி.) வாட்ஸ்அப்பில் “எல்லாரும் யூனிட் மூன்றை ரெக்கார்ட் செய்து அனுப்புங்க” என்று போட்டதும், நீங்கள் “ஓகே சார்” என்று அனுப்பியதும் அப்படிப்பட்ட ஒப்பந்தமா? நான் இல்லை என்பேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஆம் என்பார். கல்லூரிக்கு 39ஆம் பிரிவும் ஒரு கேடயம்: உண்மையான கற்பித்தலுக்காக மட்டும் செய்யும் பதிவு மீறல் ஆகாது. வகுப்பு மாணவிகளுக்கு மட்டும் காட்டியவரை அந்தக் கேடயம் தாங்கும். உலகமே பார்க்கும் பொதுச் சேனலில், அட்மிஷன் விளம்பரத்துக்கு நடுவில் வைத்தால் ‘கற்பித்தலுக்காக மட்டும்’ என்று சொல்வது கஷ்டம்.

பெயர் விஷயத்தில் உங்களுக்கு இரட்டைப் பிடி. 57ஆம் பிரிவு குறிப்பின் ஆசிரியருக்கு, 38-பி பிரிவு உரை நிகழ்த்தியவருக்கு. இரண்டுமே சொத்துரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் மிஞ்சுகிற உரிமைகள். அதாவது வீடியோ முழுக்கக் கல்லூரியின் சொத்து என்று நாளை தீர்ப்பே வந்தாலும், ‘இதை நடத்தியவர் இவர்’ என்று அடையாளம் காட்டச் சொல்லும் உரிமை உங்களிடமே இருக்கும். பயன்படுத்தும் முறையே பெயரை விட வேண்டிய கட்டாயத்தைத் தந்தால் மட்டும் விலக்கு. யூடியூப் விளக்கப் பெட்டியில் பெயர் போட இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நீளத்தைக் குறைக்க வெட்டினார்கள், முன்னுரையை எடுத்தார்கள் என்பதை மட்டும் வைத்துப் புகார் சொல்ல முடியாது. கால அளவுக்காகவோ எடிட்டிங்குக்காகவோ ஒரு பகுதியை நீக்குவது நற்பெயருக்குக் கேடு ஆகாது என்று 38-பி பிரிவின் விளக்கத்தில் இருக்கிறது. பெயர் வெறும் கௌரவப் பிரச்சினையும் அல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 ஒழுங்குமுறையில் மின் பாடம் உருவாக்கியதற்கு ஆசிரியர்களுக்கு மதிப்பெண் உண்டு. பெயர் இல்லாத வீடியோவைக் காட்டி யாரும் மதிப்பெண் வாங்க முடியாது.

படம் யாருடையது என்பது, அதை எடுக்கும் முன்முயற்சியும் பொறுப்பும் யாருடையது என்பதைப் பொறுத்தது. கல்லூரிக் கணக்கில் தொடங்கிய மீட் வகுப்பின் ரெக்கார்டிங் கல்லூரி டிரைவில்தான் விழுந்திருக்கும்; அங்கே அவர்களுக்கே சாதகம். உங்கள் போன், உங்கள் வீடு, உங்கள் நெட் பேக் என்று எடுத்தவை உங்கள் பக்கம் சாயும்.

இப்போது என்ன செய்வது? கடிதம் எழுதும் முன்பே ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள். செல்போனில் எடுத்த அசல் கோப்புகள் இருந்தால் அவற்றை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பிச் ‘சேமிக்க’ வேண்டாம். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும், எடுத்த தேதி முதலான உள்விவரங்கள் போய்விடும். கேபிள் போட்டு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுங்கள், அசல் போனிலேயே இருக்கட்டும், போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் எண் கேட்பார்கள்; கோப்பில் சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாள எண் அது. ஒரு பகுதியைக் கருவியை வைத்திருப்பவரும், இன்னொரு பகுதியை நிபுணரும் கையெழுத்திட வேண்டும். ஹாஷ் எண்ணை இன்றே எடுத்து எழுதி வைத்தால், பின்னால் யாரும் ‘கோப்பை மாற்றிவிட்டார்’ என்று சொல்ல முடியாது. யூடியூப் பக்கத்தையும் முகவரி, தேதி, விளக்கப் பெட்டி எல்லாம் தெரியும்படி திரைப்பதிவு செய்யுங்கள். முன்பு பெயர் இருந்ததற்கு ஆதாரமாகப் பழைய ஸ்கிரீன்ஷாட், மாணவிகளுக்கு அனுப்பிய லிங்க்கின் முன்னோட்டப் படம், ஏதாவது கிடைக்கிறதா என்று தேடுங்கள். ஒரு எச்சரிக்கை: வீடியோவுக்கு நடுவே விளம்பரம் ஓடுவதை வைத்து ‘கல்லூரி என் பாடத்தில் சம்பாதிக்கிறது’ என்று எழுதிவிடாதீர்கள். விளம்பர வருமானத்தில் பங்கு தரும் பார்ட்னர் திட்டத்தில் சேராத சேனல்களிலும் யூடியூப் தானே விளம்பரம் ஓட்டும். அதில் சேனலுக்குக் காசு வராது.

பிறகு கடிதம். பிரின்சிபலுக்கு, நகல் செயலாளருக்கு. மின்னஞ்சலிலும், ஒப்புகை கேட்டு ஸ்பீட் போஸ்ட்டிலும். குற்றச்சாட்டு வேண்டாம், கோரிக்கை மட்டும்: இணைத்துள்ள பட்டியலில் உள்ள வீடியோக்களின் விளக்கத்தில் என் பெயரை மீண்டும் சேர்க்கவும், மாணவிகள் தெரியும் வீடியோக்களை உடனே பொதுப் பார்வையிலிருந்து எடுக்கவும், கட்டணப் படிப்பு எதிலும் என் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் பயன்படுத்த வேண்டாம். 15 நாள் கொடுங்கள். ‘அத்தனை வீடியோவையும் அழி’ என்று கேட்டால் பேச்சு முறியும். கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் அமைப்பின் குழுவுக்குக் காட்டும் கோப்பில் அந்த லிங்க்குகளை ஏற்கெனவே ஏற்றியிருப்பார்கள்; லிங்க் செத்தால் அவர்களுக்கு வேறு தலைவலி. பெயர் சேர்ப்பதோ ஐந்து நிமிட வேலை. கேட்பது சுலபமாக இருந்தால் கிடைக்கும்.

காப்புரிமை மீறல் என்று யூடியூபிடம் புகார் செய்து வீடியோவை எடுக்க வைக்கும் காப்பிரைட் ஸ்ட்ரைக் கொடுக்கலாமே என்று உங்கள் சக ஆசிரியர்கள் யாராவது சொல்வார்கள். இப்போதைக்கு வேண்டாம். அந்தப் படிவத்தில், பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்று உறுதி சொல்லி ‘உரிமையாளர் நானே’ என்று கையெழுத்திட வேண்டும். 2022க்குப் பிந்தைய வீடியோக்களில் அதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. கல்லூரி எதிர்மனு போட்டால், 10 வேலை நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற நடவடிக்கை தொடங்கியதைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வீடியோ திரும்பி வந்துவிடும். அதோடு, ஆதாரமில்லாமல் காப்புரிமை மிரட்டல் விடுபவர் மீது எதிர்த்தரப்பே வழக்குப் போட நம் சட்டத்தின் 60ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. 15 நாளில் பதில் வராவிட்டால் வழக்கறிஞர் நோட்டீஸ். பெண் என்ற ஒரே தகுதியில், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன் 12ஆம் பிரிவுப்படி உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. தண்டையார்பேட்டையிலிருந்து ரயிலில் பீச் ஸ்டேஷன் போய் இறங்கினால் ஹைகோர்ட் வளாகம் நடை தூரம்; மாநில ஆணையம் அங்கேதான்.

மாணவிகளின் முகத்துக்கு வருகிறேன். யூடியூபில் தனியுரிமைப் புகாருக்குத் தனிப் படிவம் இருக்கிறது. படத்தில் தெரியும் மாணவியே கொடுக்க வேண்டும்; சிறுமியானால் பெற்றோர் கொடுக்கலாம். எந்த நிமிடம், எந்த நொடியில் முகமோ எண்ணோ தெரிகிறது என்று நேரக்குறிப்போடு எழுதச் சொல்லுங்கள். பொதுவாக, ஏற்றியவருக்கு 48 மணி நேரம் கொடுத்துவிட்டுப் பிறகு யூடியூப் பரிசீலிக்கும். சாட்டில் போன் நம்பர் தெரிவதைத் தனிப் புகாராகக் கொடுப்பது நல்லது. முகத்தைவிட எண் விஷயத்தில் சீக்கிரம் நடவடிக்கை வர வாய்ப்பு அதிகம்.

சட்டப்படி, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அறிவிப்புக் கொடுப்பது, சம்மதம் வாங்குவது முதலான முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதம் நடப்புக்கு வருகின்றன. அதுவரை எந்தச் சட்டமும் இல்லை என்று அர்த்தமல்ல. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொல்லியாகிவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவும் 2011 விதிகளும் வங்கி விவரம், உடல்நலம், பயோமெட்ரிக் போன்றவற்றுக்குப் பாதுகாப்புக் கேட்கின்றன.

அடுத்து ஜெராக்ஸ் கடைக்காரர். பாவம், அவர் பயம் காரணமில்லாதது அல்ல. தெரிந்தே காப்புரிமையை மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்தில் இருப்பவர் வாரன்ட் இல்லாமலேயே பிரதிகளைக் கைப்பற்றலாம். ஆனால் நீங்கள் செய்கிற வேலைக்குச் சட்டத்தில் கதவு திறந்தே இருக்கிறது. 52(1) பிரிவின் ‘ஐ’ உட்கூறு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுப்பது மீறல் அல்ல என்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி போட்டோகாப்பி கடை மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. உங்கள் கடைக்காரர் செய்யும் அதே ஸ்பைரல் வேலைக்காகத்தான். 2016 செப்டம்பரில் தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தலுக்குத் தேவையான அளவு எடுப்பது நியாயமே, பாடத்திட்டத்துக்கு அந்தப் பகுதிகள் தேவைதானா என்பதை மட்டும் விசாரித்துப் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பியது. 2017இல் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றுவிட்டன. டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு சென்னையைக் கட்டாயமாகக் கட்டாது என்றாலும் நன்றாக எடுபடும்.

‘புத்தகத்தில் பத்து சதவீதம் எடுக்கலாம்’ என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு கணக்கு சொல்வார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு எண்ணே கிடையாது, அளவுகோல் நோக்கம்தான். பன்னிரண்டு கதைத் தொகுப்பில் பாடத்திட்டத்தில் உள்ள இரண்டு கதைகளை எடுத்தால் சிக்கல் இல்லை. கடையில் கிடைக்கும் முழுத் தொகுப்பையும் எடுத்து ஸ்பைரல் போட்டால் எந்த நீதிபதியிடமும் ‘கற்பித்தல்’ என்று சொல்லி நிற்க முடியாது. எனவே ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு சீட்டு எழுதிக் கடைக்காரரிடம் கொடுங்கள். பாடக் குறியீடு, செமஸ்டர், எந்த நூலில் எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை, மாணவர் எண்ணிக்கை, உங்கள் கையெழுத்து. அவர் அந்த எண்ணிக்கைக்கு மட்டும் எடுக்கட்டும். பக்கத்துக்கு வழக்கமாக வாங்கும் காசுதான்; ‘தமிழ் மெட்டீரியல்’ என்று விலை ஒட்டிக் கண்ணாடிக்குள் அடுக்கி வைப்பதோ, வெளிக்கல்லூரிப் பிள்ளைகளுக்கு விற்பதோ கூடாது. கற்பித்தல் என்ற நிழல் அந்த இடத்தோடு முடிந்துவிடும்.

தமிழாசிரியருக்கு இன்னொரு வசதி. ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம் ஓடிவிட்டால் காப்புரிமை தீர்ந்தது. 1948இல் மறைந்த புதுமைப்பித்தனின் கதைகளுக்கு இந்தக் கணக்குப்படி 2009 முதல் தடை இல்லை. பாரதிதாசன் 1964இல் மறைந்தார், 2025 ஜனவரி 1 முதல் அந்தக் கணக்குப்படியும் தடை இல்லை. அதற்கு முன்பே அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்கள் ஏராளம். கவனிக்க வேண்டியது, சமீபத்தில் வந்த பதிப்பில் பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையும் அடிக்குறிப்பும் அவருடையவை. மூலக் கதையை மட்டும் தட்டச்சு செய்து எடுங்கள். மொழிபெயர்ப்பானால் மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனி. முழுப் புத்தகப் பிடிஎஃப்பை 250 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுவதைத் தவிருங்கள். அதில் பழைய மாணவர்களும் இருப்பார்கள், அங்கிருந்து டெலிகிராமுக்குப் போக ஒரு நாள் ஆகாது. தேவையான பக்கங்களைக் கூகுள் கிளாஸ்ரூமில் அந்த வகுப்புக்கு மட்டும் ஏற்றி, செமஸ்டர் முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக எக்செல். போடாதீர்கள். ஸ்காலர்ஷிப் ஷீட் என்றால் என்னென்ன இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்: சாதி, பெற்றோர் வருமானம், ஆதார், வங்கிக் கணக்கு எண். நம் பகுதிப் பிள்ளைகளில் பலர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். அறுபது பேர் முன்னால் ஒரு மாணவியின் சாதியும் அப்பாவின் வருமானமும் விரிவதை எந்த அவசரமும் நியாயப்படுத்தாது. சட்டமும் விடவில்லை. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது என்று ஆதார் சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்கிறது. வங்கி விவரம் 2011 விதிகளில் ‘உணர்வுமிக்க’ தகவல். ‘அந்த நெடுவரிசையை மறைத்துவிட்டுத்தான் போட்டேன்’ என்று சொல்பவர்கள் உண்டு. எக்செலில் மறைத்த நெடுவரிசையும் ஃபில்டர் போட்ட வரியும் கோப்புக்குள்ளேயே இருக்கும்; செல்போனில் திறந்து இரண்டு தட்டுத் தட்டினால் வெளியே வரும். தேவையற்ற நெடுவரிசைகளை அழித்து, பதிவெண்ணும் ‘விடுபட்ட ஆவணம்’ என்ற ஒரே நெடுவரிசையும் மட்டும் உள்ள புது ஷீட்டை உருவாக்கி, அதைப் பிடிஎஃப் ஆக்கிப் போடுங்கள். கணக்கு எண்ணைச் சரிபார்க்க வேண்டுமானால் கடைசி நான்கு இலக்கம் போதும், அதுவும் அந்த மாணவிக்குத் தனியாக. ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தால் ‘எல்லாருக்கும் நீக்கு’ என்பதை உடனே அழுத்துங்கள். வாட்ஸ்அப் அதற்குச் சுமார் இரண்டரை நாள்தான் தருகிறது. தரவிறக்கியவர்களின் போனிலிருந்து அது போகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மேலிடத்திலிருந்து கட்டாயப்படுத்தினால், “எந்த நெடுவரிசைகளுடன் போட வேண்டும் என்று மின்னஞ்சலில் சொல்லுங்கள் சார்” என்று கேளுங்கள். அநேகமாக மின்னஞ்சல் வராது.

புதுக் கல்லூரியில் மறுபடி வகுப்பைப் பதிவு செய்யச் சொல்வார்கள். தொடங்கும் முன் அரைப் பக்க ஒப்பந்தம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்: குறிப்பின் காப்புரிமை ஆசிரியருக்கு, கல்லூரியின் சொந்த மாணவர்களுக்குக் காட்ட மூன்று கல்வியாண்டு அனுமதி, பெயர் போட வேண்டும், கட்டணப் படிப்பில் சேர்க்கக் கூடாது. உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுதும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். அதனால் இரண்டையும் எழுதிவிடுங்கள். பழைய குறிப்பைத் திருத்தி எழுதிப் புதிதாக நடத்த உங்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். சங்க இலக்கியம் நடத்தும் முறைக்குப் பழைய கல்லூரி காப்புரிமை கேட்க முடியாது.

மாணவிகள் பக்கமும் ஒரு காகிதம் வேண்டும். முதலாமாண்டு சேரும் பலருக்கு வயது பதினேழு; 2023 சட்டத்தில் பதினெட்டு முடியாதவர் குழந்தை, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் தேவை. பாடம் சார்ந்த கண்காணிப்பு, பாதுகாப்பு போன்றவற்றுக்குக் கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் விலக்கு உண்டு. வகுப்பு வீடியோவை யூடியூபில் போடுவது அதில் வராது. அட்மிஷன் படிவத்தில் இரண்டு தனித்தனிக் கட்டங்கள் வைக்கச் சொல்லுங்கள்: சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் ஒன்று, வகுப்பைப் பதிவு செய்து வெளியிட இன்னொன்று. இரண்டாவதில் ‘இல்லை’ என்று டிக் செய்தாலும் சேர்க்கை பாதிக்கக் கூடாது. பெற்றோர் படிக்கும்படி தமிழில் இருக்க வேண்டும். எட்டாவது அட்டவணை மொழிகளில் அறிவிப்பைக் கேட்கும் உரிமையைச் சட்டமே தருகிறது. பதினெட்டு முடிந்ததும் அதே படிவத்தில் மாணவியிடமே புதிதாகக் கையெழுத்து வாங்கி, ஆபீஸில் பழையதோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.